வணிக மாணவர்களுக்கு நம் கணக்கேடுகளைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் வணிகப் பிரிவு மாணவர்களைப் பற்றி நம்மிடையே ஒரே பேச்சுத்தான் எழுகிறது. "கொமர்ஸ் படித்த பிள்ளைதானே, ஒரு வங்கி வேலை கிடைத்தால் போதும்" என்கிறார்கள். அந்தப் பிள்ளை நம் யாழ்ப்பாண மாவட்டத்தின் பொருளாதாரத்துக்கு என்ன செய்ய முடியும் என்று எவரும் கேட்பதில்லை. உயர்தர வகுப்புகளில் பல ஆண்டுகள் கணக்கீடு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய மனவருத்தம்.

யாழ்ப்பாணத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. இன்று திருநெல்வேலியில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் இருக்கிறது. வியாபார நிர்வாகமாணி, வணிகமாணிப் பட்டங்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்ற அனுமதி முறையில் இடம்பிடிப்பது இலேசான காரியமல்ல. ஐந்தொகையையும் காசேட்டையும் தமிழில் படித்த பிள்ளை, உள்ளே போனதும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் தனிக் கடிதத்துக்குரியது. நான் எழுத வந்தது, அவர்கள் இறுதி ஆண்டில் செய்யும் ஆய்வையும் உள்ளகப் பயிற்சியையும் பற்றி.

என்னிடம் படித்த பிள்ளைகள் ஆய்வுக்கான வினாக்கொத்துகளுடன் அவ்வப்போது வருவார்கள். "முற்றிலும் உடன்படுகிறேன்" என்பதில் தொடங்கி "முற்றிலும் உடன்படவில்லை" என்பதுவரை ஐந்து பெட்டிகள். தலைப்பு அநேகமாக ஏதாவது ஒரு வங்கியின் வாடிக்கையாளர் திருப்தி. ஏன் எப்போதும் வங்கி என்று கேட்டால், வேறு எங்கும் உள்ளே விடமாட்டார்கள் என்பதே பதில். வங்கியில் காத்திருக்கும் வாடிக்கையாளரிடம் படிவத்தை நீட்டலாம். கஸ்தூரியார் வீதியில் ஒரு மொத்த வியாபாரியிடம் போய், கடன்பட்டோர் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. பயிற்சிக்கும் இதே கதைதான். பெரிய நிறுவனங்களின் கிளைகளில் படிவம் நிரப்பவும் போட்டோப்பிரதி எடுக்கவும் நிற்கும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களையோ விரிவுரையாளர்களையோ நான் குறைசொல்லவில்லை. கதவை மூடி வைத்திருப்பவர்கள் நாங்கள்தான்.

வியாபாரிகளின் பயம் எனக்குப் புரிகிறது. கணக்குப் பாதி ஒரு கொப்பியிலும் பாதி முதலாளியின் தலையிலும் இருக்கிறது. வெளியாள் ஒருவர் பார்த்தால் செய்தி வரிக் கந்தோருக்குப் போய்விடுமோ, பக்கத்துக் கடைக்காரருக்குப் போய்விடுமோ என்ற அச்சம். ஆனால் 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானது; அதற்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. கணக்கை ஒழுங்காக வைக்காமல் இனி நடுத்தரக் கடைகூடத் தப்பமுடியாது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

மருதனார்மடம் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் கொண்டுவரும் மரக்கறியின் நிறையில் கழிவு என்று ஒரு பங்கு வெட்டப்படும் வழக்கம் எவ்வளவு காலமாகப் பிரச்சினையாக இருக்கிறது! உண்மையில் எவ்வளவு அழுகுகிறது, எவ்வளவு போக்குவரத்தில் நசிகிறது, அந்த நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பது முழுக்க முழுக்கக் கிரயக் கணக்கீட்டுக் கேள்வி. ஒரு மாணவர் தராசுக்குப் பக்கத்தில் ஒரு போகம் முழுவதும் நின்று எழுதினால் விடை வந்துவிடும். அந்த விடை விவசாயிக்கும் வேண்டும், வியாபாரிக்கும் வேண்டும்.

நுண்கடன் இன்னும் வேதனையானது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. அந்தப் பெண்கள் ஏமாந்த இடம் ஓர் எளிய கணக்கு. ஒரு இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 24 வீத வட்டி என்று கொடுத்து, 12 மாதத் தவணையில் மாதம் 10,333 ரூபா வாங்கினால், வட்டி 24,000 ரூபாதானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய கடன்தொகையின் ஒரு பகுதி மாதாமாதம் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் அவர் கையில் ஒரு இலட்சம் இருக்கவில்லை. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. இதை மாணவர்கள் பரீட்சைத் தாளில் நிமிடங்களில் செய்துவிடுவார்கள். கிராமத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை இருந்து, கடன் படிவத்தில் கையெழுத்து வைக்கப்போகும் பெண்ணுக்கு இதைப் போட்டுக் காட்டுவதும் உள்ளகப் பயிற்சியாகக் கணிக்கப்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூட்டுறவையும் சொல்லாமல் விடமுடியாது. 1930களில் நம் புகையிலைச் செய்கையாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து திருவாங்கூர்ச் சந்தைக்குத் தாமே விற்றார்கள். மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நடத்தினார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டபோது, கப்பலில் வந்து சேர்ந்த அரிசியையும் மாவையும் சீனியையும் குடும்ப அட்டைக்குப் பகிர்ந்து கொடுத்தவர்கள் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர்கள். எப்போது அடுத்த கப்பல் வரும் என்று தெரியாமல் இருப்பைப் பங்கிட்ட அந்த அனுபவம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, இருப்பேடுகளையும் நினைவுகளையும் பதிவு செய்வதைவிட ஒரு முகாமைத்துவ மாணவருக்குச் சிறந்த ஆய்வு இருக்கிறதா? வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் விநியோகச் சங்கிலியைப் படிக்கட்டும், இதையும் படிக்கட்டும்.

செய்யக்கூடியது கடினமானதல்ல. மாணவர் ஒருவர் ஒரே கடையுடன் ஓர் ஆண்டு தொடர்பில் இருந்து, மார்ச் 31 கணக்கு முடிப்புவரை காசேடு எழுதி, இருப்பு எண்ணி, காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிக்கட்டும். ஆய்வேட்டில் கடையின் பெயர் வரக்கூடாது. கணக்கு வெளியே போகாது என்று மாணவரும் மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஆனால் அதன் முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதிக் கடைக்காரரின் கையில் கொடுக்கவேண்டும். தகவல் தந்த மனிதருக்கு வாசிக்கமுடியாத ஆய்வு நூலகத்தில் தூங்குவதை நான் ஏற்கவில்லை. தெற்கிலிருந்து வந்து இங்கே படிக்கும் சிங்கள மாணவர்களை நம் பிள்ளைகளுடன் சோடியாக அனுப்பினால், தம்புள்ளைச் சந்தையுடன் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு அவர்களாலும் உதவி கிடைக்கும்.

சுன்னாகத்திலும் கோண்டாவிலிலும் கடை நடத்தும் என் பழைய மாணவர்கள் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி எழுத்தில் கிடைத்தால் மாணவரை ஏற்கத் தயார் என்றார்கள். பீடத்தாரும் யாழ். வணிகர் கழகத்தினரும் கூடியிருந்து அந்த உறுதிப் படிவத்தை எழுதிவிட்டால், அடுத்த மார்ச் கணக்கு முடிப்புடனேயே தொடங்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கீட்டு ஆசிரியர்,
கோப்பாய்.