அப்பளம் நமுக்குற நாள்ல ஸ்ப்ரே கெடையாது: நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம் மக்களே,

பத்து நாளா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு ஒரு மினிய (ஆட்டத்துக்கு பெயிண்ட் அடிச்சி வெக்குற குட்டி பொம்மை) கவுண்டர் மேல வெச்சிட்டு ஒண்ணும் பேசாம என் மூஞ்சியவே பாக்குறீங்க. பேசவே வேணாம், பாத்தாலே தெரியுது. பெயிண்டுக்கு முன்னாடி அடிக்குற கருப்பு ப்ரைமர் பட்டு மாதிரி உக்காந்திருக்கணும், ஆனா மேல கேவுரு மாவு தூவின மாதிரி சொரசொரன்னு சாம்பல் பூத்து நிக்கிது, மூக்கு எங்க வாய் எங்கன்னு தெரியல. "கெட்டுப்போன சரக்க தலைல கட்டிட்டியேண்ணா"ன்னு ஒரு தம்பி நேராவே கேட்டுட்டாரு. கேட்டது நல்லதாப் போச்சு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி தொண்ட வறண்டு போனதால உக்காந்து எழுதிட்டேன், கொஞ்சம் நீளமாத் தான் போவும், டீ எடுத்துட்டு வந்து படிங்க.

மொதல்ல விஷயத்த சொல்லிடுறேன். இன்னிலேர்ந்து பொங்கல் வரைக்கும் நம்ம கடைல ஸ்ப்ரே ப்ரைமர் விக்கறதில்ல, நீங்க குடுக்குற மினிக்கு ஸ்ப்ரே அடிச்சுத் தர்றதும் இல்ல, எல்லாம் ப்ரஷ்ல தான். மூணு நாள்ல குடுத்துட்டிருந்த வேலை எட்டு நாள் ஆவும், ரேட்டு ஏத்தல. ஆயுத பூஜைக்கு அப்புறம் நம்மகிட்ட ஸ்ப்ரே டப்பா வாங்கினவங்க பாதி காலியா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, ப்ரஷ்ல அடிக்குற ப்ரைமர் பாட்டில் மாத்தித் தர்றோம். பில்லு இல்லாட்டி பரவால்ல, ராயபுரத்துல இந்த சாமான வாங்குற மூஞ்சிங்க மொத்தமே எனக்கு மனப்பாடம்.

சரக்குல கோளாறு இல்ல. கோளாறு காத்துல, அதுக்கடுத்து என்கிட்ட.

ஸ்ப்ரே டப்பாவ நாலு தபா அமுக்கிப் பாருங்க, கைல ஜில்லுனு ஆவும். உள்ள அழுத்தி வெச்சிருக்குற கேஸ் சட்டுனு ஆவியாவும்போது சுத்தி இருக்குற சூட்ட இழுத்துக்கும், பெயிண்ட கரைச்சி வெச்சிருக்குற சால்வென்ட்டும் அதே வேலைய தான் பண்ணும், அதனால மினி மேல விழுந்த பெயிண்டு கொஞ்ச நேரம் சுத்துப்பட்டு காத்த விட குளுந்து கெடக்கும். நம்ம ஊர் மழக்காலத்துல காத்து 27 டிகிரின்னா ட்யூ பாயின்ட்டு, அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியா இறங்குற சூடு, 24 டிகிரி பக்கத்துல நிக்கும். நடுவுல மூணே டிகிரி. ஸ்ப்ரேயோட குளுர்ச்சி அத ஈஸியா தாண்டிடும், ஈரம் வந்து காயாத பெயிண்ட்டுக்குள்ள உக்காந்துக்கும், அது வெளிய போறதுக்குள்ள பெயிண்ட் இறுகிடும், அதான் அந்த சாம்பலு. ஐஸ் மோர் டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குதுல்ல, அதே கதை தான்.

வெளிநாட்டு வீடியோல அவங்க மட்டும் எப்புடி சோக்கா அடிக்கிறாங்கன்னு கேப்பீங்க. இந்த ஹாபி பெருசா வளந்ததே இங்கிலாந்துல. கேம்ஸ் வொர்க்‌ஷாப் (மினி பண்ற கம்பெனி) 1975ல லண்டன்ல ஆரம்பிச்சது, இப்ப நாட்டிங்ஹாம்ல இருக்கு, அவங்களோட வார்ஹாமர் ஆட்டம் 1983ல வந்துச்சு, அந்த ஸ்பேஸ் மரீன் (விண்வெளி சிப்பாய்) வர்ற வார்ஹாமர் 40,000 ஆட்டம் 1987ல. அந்த ஊரும் மழ ஊரு தான், அவங்களும் ஈர நாள்ல அடிக்காதன்னு தான் சொல்வாங்க, ஆனா அவங்க ஈரமும் நம்ம ஈரமும் ஒண்ணு இல்ல. 10 டிகிரி குளுர்ல ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 9 கிராம் சொச்சம் தண்ணிய தான் தாங்கும், 30 டிகிரில 30 கிராம் தாங்கும். அங்க ஈரம் பாக்குற மீட்டர் 80 சதவீதம்னு காட்டுனா ஏழரை கிராம், நம்ம மொட்டமாடில அதே 80 சதவீதம்னா 24 கிராம். மீட்டர்ல ஒரே நம்பரு, காத்துல மூணு மடங்கு தண்ணி. வீடியோவ அப்படியே ஃபாலோ பண்ணா இங்க பேஜாரு தான்.

இன்னொண்ணு, இது நெறைய பேரு பண்றது. மினிய ஏசி ரூம்ல ஒட்டி முடிச்சிட்டு நேரா மொட்டமாடிக்கு எடுத்துட்டுப் போயி அடிக்கறது. ஏசி பஸ்ஸுலேர்ந்து எறங்குனதும் மூக்குக்கண்ணாடி பனி மூடுதுல்ல, மினி மேலயும் அதே பனி, கண்ணுக்குத் தெரியாது அவ்ளோ தான். மெட்டல் மினின்னா இன்னும் மோசம், அது சீக்கிரத்துல சூடாவாது. அரமணி நேரமாவது வெளிய வெச்சிட்டு அப்புறம் தொடுங்க.

இப்ப என் தப்பு. எங்கப்பா போர்டு எழுதறவரு. எம்.சி. ரோட்டு துணிக்கடை போர்டுலேர்ந்து காசிமேட்டு படகு நம்பரு வரைக்கும் எழுதுன கை, ஃப்ளெக்ஸ் பேனர் வந்து அந்தத் தொழில முழுங்குற வரைக்கும் அதுதான் எங்க வீட்டு சோறு. ஐப்பசி பொறந்தா எனாமல் டப்பாவ தொடவே மாட்டாரு, பளபளப்பு செத்து வெளுத்துடும்னு சொல்லுவாரு. கூடவே ஒரு கணக்கு வெச்சிருந்தாரு: அப்பளம் பொரிச்சி தட்டுல வெச்சா சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள நமுத்துப் போவுதா, அன்னிக்கு பெயிண்டு கெடையாது. நான் 600 ரூவா குடுத்து ஈரம் பாக்குற மீட்டர் வாங்கி மாட்டிட்டு அவர கிண்டல் பண்ணிட்டிருந்தேன். மீட்டர மாட்டுனேனே தவிர பாக்கல.

நடந்தது இன்னான்னா, நம்ம கஸ்டமர் ஒருத்தரு பன்னெண்டு ஆர்க்க (வார்ஹாமர்ல வர்ற பச்ச அரக்கனுங்க) எடுத்து காசிமேட்டு மீன்புடி படகு ஆளுங்களா மாத்திட்டிருந்தாரு. மூணு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து பண்ண கன்வெர்ஷன். ஆர்க்கோட இடுப்பு கவசத்த அறுத்து எடுத்துட்டு க்ரீன் ஸ்டஃப்ல லுங்கி. க்ரீன் ஸ்டஃப் தெரியாதவங்களுக்கு: மாவு மாதிரி பிசையுற புட்டி, மஞ்சள் பாதி நீலம் பாதி பட்டையா வரும், சமமா பிசைஞ்சா பச்சையாவும், நடுவுல ரெண்டும் தொட்டுட்டு இருக்குற எடம் ஏற்கனவே இறுகிப் போயிருக்கும், அத ரெண்டு மில்லிமீட்டர் அறுத்துப் போட்டுடணும், இல்லன்னா பூரா குருணை குருணையா வரும். அவரு அத அப்பளம் மாதிரி மெலிசா உருட்டி இடுப்புல சுத்தி, அர மணி நேரம் விட்டு லேசா இறுகுன பெறவு பல்குச்சி முனைல தண்ணி தொட்டு ஒவ்வொரு மடிப்பா இழுத்து, மடிச்சி கட்டுன லுங்கி தொடைக்கு மேல ஒரு முடிச்சா உருண்டு நிக்கும்ல, அந்த முடிச்ச கூட விடல. ஒரு ஆர்க்கு காதுல பீடி. வலைக்கு காயத்துக்கு சுத்துற காஸ் துணி, ஃபெவிகால் தண்ணில முக்கி தோள்ல போட்டு காய வெச்சது. அத என்னை நம்பி ப்ரைமருக்குக் குடுத்தாரு.

சாயங்காலம் மழ விட்டுச்சு, மொட்டமாடி தரை கூட காயல, நாளைக்கு டெலிவரின்னு அவசரத்துல பன்னெண்டையும் வரிசையா நிக்க வெச்சி அடிச்சிட்டு கீழ எறங்கிட்டேன். திரும்பிப் போனா பன்னெண்டும் சாம்பல் பூசுன சாமியாருங்க. மடிப்பு போச்சு, பீடி இருந்த எடம் தெரியல. அப்புறம் தான் மீட்டர பாத்தேன், 91.

அப்பாகிட்ட காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, அம்மாகிட்ட "ரெண்டு அப்பளம் பொரி"ன்னாரு.

அந்த ஆர்க்குங்கள எப்படி மீட்டோம்னு சொல்றேன், உங்களுக்கும் ஆவும். டெட்டால். மெடிக்கல்ல கெடைக்குற அதே பழுப்பு டெட்டால், தண்ணி கலக்காம. மூடி போட்ட டப்பால மினி முழுவுற அளவுக்கு ஊத்தி 24 மணி நேரம், கையுறை போட்டுட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, ஜன்னல தொறந்து வெச்சிக்கோங்க. முக்கியமான பாயின்ட்டு, டெட்டால்லயே தேச்சி டெட்டால்லயே அலசணும். நடுவுல தண்ணி பட்டுச்சோ, கரைஞ்ச பெயிண்டு பூரா பசையாட்டம் ஒட்டிக்கிட்டு உயிர வாங்கிடும். பெயிண்ட் மொத்தமா போன அப்புறம் தான் பாத்திரம் தேய்க்குற லிக்விட், அதுக்கப்புறம் தான் தண்ணி. பிளாஸ்டிக்கும் மெட்டலும் தாங்கும், ரெசின் பிரிண்டுன்னா (3D பிரிண்டர்ல எடுத்த மினி) வீணாப்போன துண்டு ஒண்ணுல டெஸ்ட் பண்ணிட்டு எறங்குங்க. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் ரெண்டையும் கிட்டவே கொண்டு போவாதீங்க, ஒரு பையன் அக்காவோட ரிமூவர்ல குதிரப்படைய போட்டு வெச்சிட்டு காலைல பாத்தா கெண்ணத்துல களி தான் இருந்துச்சு.

லுங்கி பொழைச்சிக்கிச்சு, க்ரீன் ஸ்டஃப் கெட்டி. வலை போச்சு, ஃபெவிகால் தண்ணி பட்டா ஊறிடும்ல. ஃபெவிக்விக்ல ஒட்டுன நாலு கை விட்டுடுச்சு. அத சும்மா திரும்ப ஒட்டாம ஒரு மில்லிமீட்டர் ஓட்ட போட்டு பேப்பர் கிளிப் கம்பிய உள்ள குடுத்து ஒட்டித் தர்றோம், செலவு நம்மளது. ஃபெவிக்விக் பத்தி ஒரு வார்த்த, அது இறுகுறதே காத்துல இருக்குற ஈரத்துல தான், அதனால இந்த மாசம் படு ஸ்பீடா புடிக்கும், அதிகமா வெச்சா சுத்தி வெள்ளையா பூக்கும். குண்டூசி முனையில தொட்டு வெச்சா போதும்.

சரி, ப்ரஷ்ல ப்ரைமர். கஷ்டம்லாம் இல்ல, பொறுமை தான். மினிய மொதல்ல சோப்புத் தண்ணில கழுவுங்க, அச்சுலேர்ந்து எடுக்கறதுக்குப் போட்ட வழவழப்பும் நம்ம கை எண்ணையும் போவணும், பஜ்ஜி துன்ன கையோட மினிய புடிச்சா எந்த ப்ரைமரும் நிக்காது. மெலிசா ஒரு கோட்டு, காஞ்ச பெறவு மெலிசா இன்னொண்ணு. மொத கோட்டுல திட்டு திட்டா பிளாஸ்டிக் தெரியும், தெரியட்டும், அங்க பயந்து மேல மேல அப்புறவங்க தான் டீடெய்ல சாவடிக்கிறவங்க. பள்ளத்துல தேங்குனா காஞ்ச ப்ரஷ் முனையால உறிஞ்சி எடுங்க. அப்புறம் ஒரு நாள் பூரா அத தொடாதீங்க, தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி தான் இருக்கும், நகம் பட்டா தோலா உரியும். எட்டு நாள்ல பாதி இந்தக் காத்திருப்புக்குத் தான் போவுது, நாங்க கேரம் ஆடிட்டிருக்கோம்னு நெனைக்காதீங்க. (ஆடுவோம், அது வேற.)

கீரிப்பிள்ள முடி ப்ரஷ் இருக்கான்னு ரெண்டு பேரு காதுல கேட்டீங்க. இல்ல, வராது. கீரி 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல இருக்கு, வித்தாலும் கேஸு வாங்குனாலும் கேஸு. பாரிஸ் கார்னர்ல எவனாவது தர்றேன்னா அப்படியே நடையக் கட்டுங்க. ப்ரைமருக்கு சிந்தெடிக் முடியே தாராளம்.

ஏர்பிரஷ்ல (கம்ப்ரஸர் காத்துல பெயிண்ட் அடிக்குற பேனா மாதிரி சாமான்) அடிச்சுத் தர்லாம்லன்னு கேக்கறவங்களுக்கு: அது தண்ணி பெயிண்டு, இந்த சாம்பல் பிரச்சன வராது, வாஸ்தவம் தான். ஆனா கம்ப்ரஸர் காத்த அழுத்துறப்ப அதுல இருக்குற ஈரமெல்லாம் தண்ணியா மாறி ட்யூப்ல நிக்கும், திடீர்னு மினி மூஞ்சில துப்பும். தண்ணி புடிக்குற ட்ராப் ஒண்ணு மாட்டிருக்கோம், இந்த மாசத்துல கால் மணி நேரத்துக்கு ஒரு தபா அத வடிக்க வேண்டியிருக்கு. பெரிய ட்ராப் வாங்குற வரைக்கும் உங்க சாமான வெச்சி நான் பரீட்ச பண்ண மாட்டேன்.

மினி நிக்குற பேஸுக்கு கடக்கரை மண்ண அப்படியே ஒட்டாதீங்க. அதுல உப்பு இருக்கு, உப்பு ஈரத்த இழுக்கும், பெயிண்ட் அடிச்ச பெறவும் வெள்ளையா வெளிய வரும். மூணு தண்ணி நல்ல தண்ணில அலசி, வெயில் இல்லாட்டி வாணல்ல வறுத்துட்டு ஒட்டுங்க. டீத்தூள காய வெச்சி உதிர்ந்த இலை மாதிரி போடுறவங்களும் அதே மாதிரி வறுத்துடுங்க, இல்லன்னா ஒரு வாரத்துல பேஸ்ல நெசமாவே பூஞ்சக் காடு மொளைக்கும்.

பொங்கலுக்கு அப்புறம் ஸ்ப்ரே திரும்ப வரும். வெயில் காலத்துல காலைல பத்து மணிக்கு மேல, கடக்காத்து திரும்புறதுக்கு முன்னாடி, மேக்காத்து வறண்டு அடிக்கும் பாருங்க, அதான் நேரம். அப்பவும் 20, 25 சென்டிமீட்டருக்குள்ள நின்னு அடிங்க, எட்டி நின்னா பெயிண்டு பறக்கும்போதே காஞ்சு தூளா விழுந்து இதே சொரசொரப்ப குடுக்கும். இனிமே டப்பா விக்கும்போது அன்னிக்கு மீட்டர் நம்பர பில்லுலயே எழுதித் தர்றோம். 65க்கு மேலன்னா விக்கவே மாட்டோம், சண்ட போடாதீங்க.

ஆர்க் அண்ணே, உங்க பன்னெண்டு பேரும் டெட்டால் குளியல் முடிச்சி சுத்தமா நிக்கிறாங்க, நேத்து தான் மொத கோட்டு வெச்சோம். புது வலைக்கு காஸ் துணி வாங்கி வெச்சிருக்கேன், ஆனா அந்த முடிச்சு போடுற வித்தை உங்க கைல தான் இருக்கு, ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா சேந்தே பண்ணிடலாம். அப்பாவும் இருப்பாரு, படகு நம்பரு அவரே எழுதித் தர்றேன்னு சொல்லிருக்காரு, ரெண்டு மில்லிமீட்டர் எழுத்து, பூதக்கண்ணாடி இப்பவே எடுத்து தொடச்சி வெச்சிட்டாரு.

இப்படிக்கு,
கடைக்காரன், ராயபுரம்