மத்ஸ்யாவும் பங்குனி ஆமையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குள் இறங்கப் போகும் மத்ஸ்யா-6000 கலம் பற்றி வந்த கட்டுரையை என் பேத்திக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 2.1 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக்குள் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கப் போகிறார்கள் என்றதும் அவள், "அங்க எப்படி பாட்டி மூச்சு விடுவாங்க?" என்று கேட்டாள். வழக்கமாக 12 மணி நேரம், ஆபத்து என்றால் 96 மணி நேரம் வரை உள்ளே தாக்குப்பிடிக்க ஏற்பாடு உண்டு என்று சொன்னேன். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேலை இது என்பதில் எனக்கு நிறையவே பெருமை.

ஆனால் அந்த மூச்சுக் கேள்வி என்னை விடவில்லை. மத்ஸ்யாவைக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தது 2025 ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி நடு வரைக்கும். அந்தப் பருவத்தில்தான் சென்னைக் கரையெங்கும் மூச்சுமுட்டிச் செத்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டிருந்தன. தமிழகக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் என்று எண்ணினார்கள்.

நான் திருவான்மியூரில் இருக்கிறேன். காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவேன். ஒரு நாள் அரை மணி நடையில் ஏழு ஆமைகள். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, அலை வந்து தட்டும்போதெல்லாம் துடுப்பு மட்டும் உயிருள்ளது போல அசைந்தது. ஓடு பிளந்திருந்த ஒன்றின் வயிற்றில் முட்டைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. முட்டையிடக் கரையேற வந்தவள். துப்புரவுத் தொழிலாளர்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்பார்கள். தை மாதத்தில் வரத் தொடங்கும், பங்குனி வரைக்கும் முட்டையிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு மாசி இரவில், ஆமைத் தடம் தேடிப் போன பிள்ளைகளோடு நானும் போயிருந்தேன். அடும்பங்கொடிக்குப் பக்கத்தில் ஓர் ஆமை பின்துடுப்புகளால் மாற்றி மாற்றி மணலை அள்ளிக் குழி பறித்தது. சட்டி போல அவ்வளவு ஒழுங்கான குழி. நூறு முட்டைக்கு மேல் இட்டது. மூடிவிட்டு, உடம்பையே தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கியது. அந்தச் சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தரையில் அதிர்ந்தது. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

ஆமைக்கு நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். விசைப்படகுக்காரர்கள் இழுவலையைப் போட்டால் இரண்டு மூன்று மணி நேரம்கூடத் தொடர்ந்து இழுக்கிறார்கள். உள்ளே மாட்டித் திமிறுகிற ஆமைக்கு இருக்கிற மூச்சும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதற்கு விடை தெரியாமல் இல்லை. இழுவலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தினால் போதும். இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து வலைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஆமை விலக்குக் கருவி என்கிற இதை நம் கடலுக்கு ஏற்றபடி வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்று படகு உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். டீசல் விலைக்கு நடுவே அது சின்னக் கவலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கருவி இல்லாத காரணத்தால்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா சில வருடங்களாக வாங்குவதில்லை. அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? பொருத்துகிற செலவையும் முதல் ஓரிரு பருவத்தின் இழப்பையும் அரசே ஏற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்று காலம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்தத் தடை தொடங்குவதற்குள் ஆமைப் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. முட்டையிடும் காலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைத் தினமும் கண்காணிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் பேசினேன். "போட்டுக்காரங்க கரையாண்ட வந்து இழுத்தா எங்களுக்கும் மீன் இல்ல, ஆமைக்கும் உசுரு இல்லம்மா" என்றார். ஆமையைக் காப்பது மீனவருக்கு எதிரான காரியம் என்று பேசுகிறவர்கள் அவரைப் போன்றவர்களைக் கேட்க வேண்டும்.

கடலாராய்ச்சி பற்றிய கட்டுரையில் சதீஷ் பாஸ்கருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். ஐஐடி படிப்பை விட்டுவிட்டு, நாட்டின் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தவர் அவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி வலியகரா தீவில் தனியாகவே மாதக்கணக்கில் இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கையில் ஒரு மீனவர் கைக்குக் கிடைத்து, அவர் அதைத் தபாலில் அனுப்பி வைத்தார். ஆமை தேடி இரவில் நடக்கும் அந்தப் பழக்கத்தை 1988 முதல் சென்னை மாணவர்கள் விடாமல் தொடர்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை, ஒவ்வோர் இதழிலும் ஒரு சின்னக் கட்டத்தில் இரண்டு எண்களைப் போடுங்கள். அந்த வாரம் கரை ஒதுங்கிய ஆமைகள் எத்தனை, எல்லை மீறி இழுவலை போட்டதற்காக நடவடிக்கை எடுக்கப்பட்ட படகுகள் எத்தனை. முதல் எண்ணுக்கு என்னால் ஆன உதவியாக, திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை தினமும் நடந்து எண்ணித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருவான்மியூர், சென்னை.