முனைவர் பட்டம் படிக்கப்போகும் பள்ளி ஆலோசகத் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

முனைவர் பட்டப் படிப்பில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்ன கையோடு, "அக்கா, நான் பிள்ளைகளைக் கைவிட்டுப் போகிறேனா?" என்று கேட்டாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அமெரிக்கப் பள்ளிகளில் ஆலோசகர்களாக இருந்துகொண்டு இதே யோசனையில் உழலும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று, உன் சம்மதத்தோடு, எல்லோரும் காணும்படி எழுதுகிறேன்.

நீ போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். போகும்போது பள்ளியை மறக்காமல் போக வேண்டும் என்பது அதனோடு சேர்ந்த நிபந்தனை. அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது எளிதன்று. அந்தப் படிப்பின் அமைப்பே உன்னை மெல்ல மெல்லப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டு போகும்.

ஏன் என்று சொல்கிறேன். ஆலோசகர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் கேக்ரெப் அமைப்பு, முதுகலை அளவில் பள்ளி ஆலோசனை, மனநல ஆலோசனை என்று தனித்தனிப் பிரிவுகளை அங்கீகரிக்கிறது. முனைவர் பட்ட அளவில் அது அங்கீகரிப்பது ஆலோசகர் கல்வியும் மேற்பார்வையும் என்ற ஒரே பட்டத்தைத்தான். பள்ளி ஆலோசனைக்கென்று தனி முனைவர் பட்டம் அந்த ஏற்பாட்டில் கிடையாது. ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமையும் உரிமைக்குரலும் என்ற ஐந்து துறைகளில் பயிற்சி இருக்கும். 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பில் அந்த ஐந்தில் குறைந்தது மூன்றையாவது தொட வேண்டும். இவற்றில் எதையும் பள்ளியை மையமாக வைத்துச் செய் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பல்கலைக்கழகத்திலேயே மனநல ஆலோசனை மையம் இருக்கும். அங்கே மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஐம்பது நிமிட அமர்வுகள் நடத்துவது உன் கால அட்டவணைக்கும் வசதியாக இருக்கும். அப்படியே ஒவ்வொரு பருவமாகக் கழிந்தால், பள்ளி ஆலோசகராக உள்ளே போனவள் பொதுவான ஆலோசகர் கல்வியாளராக வெளியே வந்து நிற்பாய்.

பள்ளியில் வேலை பார்க்க முதுகலையும் மாநில உரிமமும் போதும். முனைவர் பட்டத்தால் பள்ளி மாவட்டத்தின் சம்பள அட்டவணையில் ஒரு படி மேலே போகலாம், அவ்வளவுதான். அதற்காக இத்தனை ஆண்டுகளைக் கொடுக்கலாமா என்று நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இந்தப் பட்டம் திறந்துவிடும் உண்மையான கதவு வேறு. 2013 ஜூலைக்குப் பிறகு, கேக்ரெப் அங்கீகாரம் பெற்ற திட்டங்களில் மையப் பேராசிரியராக, அதாவது அந்தத் திட்டத்தின் நிலையான ஆசிரியர் குழுவில், புதிதாகச் சேர்பவர் ஆலோசகர் கல்வியில் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே நாளைய பள்ளி ஆலோசகர்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்பது, இன்று அந்த முனைவர் பட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளியில் ஒரு நாளும் வேலை பார்க்காத நல்ல மனிதர்கள், நல்ல ஆய்வாளர்கள், பள்ளி ஆலோசனை வகுப்பை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

இந்த வித்தியாசம் எங்கே தெரியும் என்பதை ஒரு மேற்பார்வை அமர்வைக் கொண்டு, அதாவது பயிற்சி மாணவர் நடத்திய ஆலோசனையை மூத்தவர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தைக் கொண்டு, விளக்குகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் ஒரு முதுகலை மாணவி, தான் நடத்திய அமர்வின் காணொளியைக் கொண்டுவருகிறாள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடம் கொடுக்காததற்காக அனுப்பப்பட்டிருக்கிறான். அவள் அவனுடைய குறிப்பேட்டைத் திறந்து, எந்தப் பாடம், எத்தனை பாக்கி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் தலை நிமிராமல், "அப்பா இப்போது கராஜில்தான் தூங்குகிறார்" என்கிறான். அவள் ஒரு கணம் அவனைப் பார்க்கிறாள். பிறகு, "சரி, கணக்கில் எத்தனை தாள் பாக்கி?" என்று தொடர்கிறாள்.

மேற்பார்வையாளர் அந்த இடத்தில் காணொளியை நிறுத்துகிறார். மனநல மையத்திலேயே பழகியவராக இருந்தால் பெரும்பாலும் சொல்லக்கூடியது, அந்த உணர்வோடு நீ இருந்திருக்க வேண்டும், மௌனத்துக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதே. அது சரியான பாடம்தான். ஆனால் உனக்குள் என்ன நடந்தது என்று கேட்டபோது அந்த மாணவி சொன்னது இது: "அடுத்த மணி அடிக்க நான்கு நிமிடம்தான் இருந்தது. திறந்துவிட்டு மூட முடியாமல் அவனை அறிவியல் வகுப்புக்கு அனுப்பிவிடுவேனோ என்று பயந்துவிட்டேன்." நீ இதைப் படித்ததும் தலையசைப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அழுத கண்ணோடு வகுப்புக்குள் நுழையும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன நேரும் என்பது பள்ளியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே இங்கே கற்றுத்தர வேண்டியது நான்கு நிமிடத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றை. குறிப்பேட்டை மூடி வைப்பது. "நீ சொன்னதைக் கேட்டேன், அது சின்ன விஷயமில்லை" என்று சொல்வது. இன்றே மதிய உணவுக்கு முன் திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டை அவன் கண்முன்னே எழுதிக் கொடுப்பது. அவன் போன பிறகு, அடுத்த வகுப்பு ஆசிரியரிடம், காரணம் எதுவும் சொல்லாமல், இன்று அவனைக் கேள்வி கேட்டு எழுப்ப வேண்டாம் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்வது. மேற்பார்வையாளர் சில நேரம் ஆசிரியராகவும், சில நேரம் ஆலோசகராகவும், சில நேரம் கலந்தாலோசிக்கும் சக ஊழியராகவும் மாறி மாறி நிற்க வேண்டும் என்று ஜேனின் பெர்னார்ட் 1979-இல் வகுத்த மாதிரியை முதல் பருவத்திலேயே படிப்பாய். மேலே சொன்ன ஒரே அமர்வில் மூன்றும் தேவைப்படுகின்றன: பயத்தைப் பேச ஆலோசகர், அனுமதிச் சீட்டைச் சொல்லித்தர ஆசிரியர், அந்தப் பள்ளியின் நடைமுறைக்கு எது ஒத்துவரும் என்று சேர்ந்து யோசிக்கச் சக ஊழியர். இரண்டாவதையும் மூன்றாவதையும் பள்ளிக்கூடத்தில் நின்றவர்தான் முழுமையாகச் செய்ய முடியும்.

பிள்ளைகளைக் கைவிடுகிறேனா என்ற உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இந்த அமர்வுதான். பலர் உனக்கு ஒரு பெருக்கல் கணக்கை ஆறுதலாகச் சொல்வார்கள். 2023-24 கல்வியாண்டில் நாட்டின் சராசரி, ஒரு பள்ளி ஆலோசகருக்கு 376 மாணவர்கள்; ஆண்டுதோறும் நீ இத்தனை ஆலோசகர்களை உருவாக்கினால் இத்தனை ஆயிரம் பிள்ளைகள் என்று கணக்குப் போடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நிறைவில்லை. பயிற்சி சரியாக இல்லாவிட்டால் அதன் குறைபாடுகளும் அதே வேகத்தில்தான் பெருகும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கும் 250 என்ற விகிதத்தையே இன்னும் எட்டாத பள்ளிகளில், தேர்வு ஒருங்கிணைப்பு, மதிய உணவுக் கூடத்தில் காவல், கால அட்டவணைத் திருத்தம் என்று ஆலோசகரின் நாள் கரைந்துபோகிறது. அவற்றுக்கு நடுவே எதைக் காப்பாற்ற வேண்டும், தலைமையாசிரியரிடம் எதை எப்படி மறுக்க வேண்டும் என்பதைப் பயிற்சியின்போதே கற்றுக்கொள்ளாதவர்கள் சில ஆண்டுகளிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

பல்கலைக்கழக வகுப்பறையில் நேரும் மாற்றம் பள்ளிவரை வந்து சேரும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சான்று. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த மறு ஆண்டு, 1958-இல், தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியலில் திறமையுள்ள பிள்ளைகளை இனங்கண்டு மேலே அனுப்பும் நோக்கத்தோடு பள்ளி ஆலோசகர்களின் பயிற்சிக்கு அரசு பணம் கொடுத்தது, துறை பெருகியது. யாரை இனங்காண வேண்டும், யார் விடுபட்டுப் போகிறார்கள் என்ற கேள்வி வலுவாக எழ நெடுநாள் ஆயிற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எஜுகேஷன் டிரஸ்ட் அமைப்பு, பள்ளி ஆலோசகர்களின் பயிற்சியையே மாற்றும் முயற்சியைத் தொடங்கி, தனி அறையில் தனி மாணவரோடு பேசுவதோடு நில்லாமல், பள்ளியின் தரவுகளைப் பார், யார் எந்த வகுப்பில் சேர்க்கப்படுவதில்லை என்று பார் என்று வலியுறுத்தியது. பள்ளியில் ஆலோசனைப் பணி எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஆலோசகர் சங்கத்தின் தேசிய மாதிரி 2003-இல் முதற்பதிப்பாக வந்தபோது அந்தப் பார்வை அதற்குள்ளும் இருந்தது. இன்று நீ உன் பள்ளியில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு செய்யும் வேலை அந்த வழியாக வந்ததுதான்.

அந்த வருகைப் பதிவேட்டைப் பற்றித்தான் அடுத்துப் பேச விரும்புகிறேன். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாத வீடுகளில், மருத்துவமனைக்கும் வாடகை அலுவலகத்துக்கும் மொழிபெயர்க்கப் போவதற்காகவே சில பிள்ளைகள் விடுப்பு எடுக்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய். பதிவேட்டில் அது "காரணமற்ற விடுப்பு" என்று விழுகிறது என்றும் சொன்னாய். உன் ஆய்வேட்டின் விதை அதில் இருக்கிறது. முதல் ஆண்டில் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வில் உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள்; சேர்ந்துகொள், ஆய்வு செய்யப் பழக அதுவே வழி. ஆனால் உன் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே இரு. முழுமைத் தேர்வு முடிந்து, பாடங்கள் எல்லாம் தீர்ந்து, ஆய்வேடு மட்டும் மிச்சமிருக்கும் காலத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். கடன் வாங்கிய கேள்வி அந்த நீண்ட தனிமையைத் தாங்காது.

ஒரு சிக்கலை மட்டும் இப்போதே யோசித்துக்கொள். அந்தப் பிள்ளைகளுக்கு நீயே ஆலோசகர். நீயே ஆய்வாளராகவும் வந்து நின்றால், முடியாது என்று சொல்ல ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கோ, குடியுரிமை பற்றிய அச்சத்தில் இருக்கும் தாய்க்கோ உண்மையில் சுதந்திரம் இருக்குமா? பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு இதை நிச்சயம் கேட்கும். பெற்றோரின் அனுமதி, குழந்தையின் தனிச் சம்மதம், அதோடு பள்ளி மாவட்டத்தின் தனி ஒப்புதல் எல்லாம் வேண்டும். வேறு பள்ளியில் ஆய்வை நடத்துவது ஒரு வழி. பிள்ளைகளை விட்டுவிட்டு, இத்தகைய விடுப்புகளை ஆலோசகர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஆலோசகர்களிடமே கேட்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. அதில் வரும் விடையை நேராகப் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோகலாம்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் தரும் உதவிப்பணி இல்லாமல் முழுநேரப் படிப்பில் சேராதே. உன் இப்போதைய சம்பளத்தில் பாதிகூட அதில் வராது என்பதையும் தெரிந்துகொண்டே சேர். பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன். "இருக்கிற நல்ல வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிப்பா?" என்று அவர் கேட்பது உன் மீதுள்ள அக்கறையால்தான், வேலையை எதற்காக விடுகிறாய் என்பதை ஒருமுறை பொறுமையாகச் சொன்னால் அவருக்குப் புரியும்.

உதவித்தொகையோடு வந்த அழைப்புகளுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்குள், உனக்கு இடம் கொடுத்திருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சில கேள்விகளைக் கேட்டுவிடு. பேராசிரியர்களில் பள்ளி ஆலோசகராகப் பணியாற்றியவர் யார், அவர் கடைசியாகப் பள்ளியில் இருந்தது எப்போது? மேற்பார்வைக்கான இன்டர்ன்ஷிப்பில் பள்ளி ஆலோசனை மாணவர்களையே உனக்கு ஒதுக்குவார்களா? வாரத்தில் ஒரு நாள் பள்ளியில் பகுதிநேரமாகத் தொடர உதவிப்பணியின் விதிகள் இடங்கொடுக்குமா? பள்ளி சார்ந்த ஆய்வேட்டை எடுத்து முடித்தவர்கள் அந்தத் துறையில் இருக்கிறார்களா? கடைசிக் கேள்வியைத் துறைத் தலைவரிடம் கேட்காதே. மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேள். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் இவற்றுக்குச் சரியான விடை கிடைக்காமல், மற்றொன்றில் கிடைத்தால், மற்றொன்றுக்கே போ. விடைகள் வந்ததும் அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா