தசமபாகத்தைச் சாப்பிட்டது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தசமபாகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேதாகமத்தில் மல்கியா 3:10-ஐக் காட்டி, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஆலயத்துக்குச் செலுத்துவது மோசே மூலம் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட நியாயப்பிரமாணத்தின் கட்டளை என்று எழுதியிருந்தார்கள். கொடுக்க வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. மாதாமாதம் காணிக்கைக் கவர் போடுகிறவன்தான் நானும். ஆனால் "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்றுதானே அந்த வசனம் தொடங்குகிறது? அந்த ஆகாரத்தைக் கட்டுரையாளர் தாண்டிப் போய்விட்டார். ஆலயக் களஞ்சியமான பண்டசாலைக்கு வந்தது தானியம், திராட்சரசம், எண்ணெய். சொந்த நிலபாகம் இல்லாத லேவியர் (ஆலய ஊழியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தார்) அதைச் சாப்பிட்டுத்தான் ஆலய வேலை பார்த்தார்கள். அது வராமல் போனதும் வேலையை விட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள் என்று நெகேமியா 13 சொல்கிறது.

உபாகமம் 14 இன்னும் ஆச்சரியம். அங்கே தசமபாகத்தைச் சாப்பிடுகிறவன் அதைக் கொண்டுவந்தவனே! கர்த்தர் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வீட்டாரோடு போய், அவர் சந்நிதியில் உண்டு சந்தோஷப்பட வேண்டும். வழி தூரமென்றால் விளைச்சலைப் பணமாக்கிக்கொண்டு போய், மனதுக்குப் பிடித்ததை அங்கே வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் மதுவும் உண்டு (இதை வைத்துப் பிரசங்கம் செய்த சபை ஐயரை, அதாவது போதகரை, நான் இன்னும் பார்க்கவில்லை). மூன்றாம் வருஷத்துப் பங்கை மட்டும் ஊர் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். லேவியனும் அந்நியனாய் வந்து தங்கிய பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக.

பலிகளிலும் இதே கதைதான். சர்வாங்க தகனபலி பீடத்திலேயே எரிந்துபோகும், சரி. சமாதானபலி அப்படியல்ல. கொழுப்பு பீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது தொடையும் ஆசாரியனுக்கு, மீதியெல்லாம் கொண்டுவந்தவனுக்கு. ஸ்தோத்திரத்துக்காக, அதாவது நன்றி சொல்லி, செலுத்தியதென்றால் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், விடியும்வரை எதையும் வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 7. ஒரு மாட்டை ஒரு வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சட்டம் அதைச் சொல்லாமல் சொல்கிறது என்பது என் எண்ணம்.

இல்லாதவனுக்கும் அங்கே வழி இருந்தது. பாவநிவாரணத்துக்கு ஆடு கொண்டுவர முடியாவிட்டால் இரண்டு புறா, அதற்கும் வக்கில்லை என்றால் கொஞ்சம் மாவு. குழந்தை இயேசுவோடு எருசலேமுக்குப் போன யோசேப்பும் மரியாளும் ஏழைகளுக்கு அனுமதித்த பறவைப் பலியைத்தான் செலுத்தினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பாக்கிக்காரர் பெயரை ஆராதனையில் வாசிக்கிறவர்கள் அந்த வசனத்தை ஒருமுறை பார்க்கலாம்.

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் தேவாலயத்தை அழித்தபோது பலியும் நின்றுபோனது. கிறிஸ்து ஒரேதரம் தம்மைப் பலியாகச் செலுத்தியபின் பாவத்துக்காக இனி வேறு பலி தேவையில்லை என்பது எபிரெயர் நிருபத்தின் வாதம். அதே நிருபம் 13-ஆம் அதிகாரத்தில், நன்மை செய்வதையும் தானதர்மத்தையும் தேவன் பிரியப்படும் பலிகள் என்கிறது. அப்போஸ்தலன் பவுலோ 1 கொரிந்தியர் 10-இல் திருவிருந்தை (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) பற்றிப் பேசும்போது, பலிகளைப் புசிக்கிற இஸ்ரவேலர் பலிபீடத்தோடு ஐக்கியப்படுவதை நினைவுபடுத்துகிறார். அப்புறம் அடுத்த அதிகாரத்திலேயே கொரிந்து சபையைக் கண்டிக்கிறார். காரணம், பந்தியில் ஒருவன் பசியாயிருக்கிறான், இன்னொருவன் குடித்து வெறியாயிருக்கிறான். ஆக, பாவநிவாரணபலி முடிந்தது என்று நாம் நம்பினாலும், சமாதானபலியின் பந்தி முடிந்துபோகவில்லை.

எங்கள் நெல்லைப் பக்கத்துச் சபைகளில் பண்டிகைக்கு அசனம் (ஊர்ப் பந்தி) போடுவது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் ஆடும் வந்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தச் சோறு எனக்கு எப்போதும் லேவியராகமத்தைத்தான் ஞாபகப்படுத்தும். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் இப்போது அசனத்துக்கும் டோக்கன் வந்துவிட்டது. சங்கக் காணிக்கை (சபைக்குக் கட்டும் சந்தா) பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இதைப் பற்றியும் எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை