சினைப் பரிசோதனைக்கு ஸ்கேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் சினை ஊசி போட்ட மாட்டை இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஆசனவாய்க்குள் கையை விட்டுச் சினை பார்க்கிறார்கள். சினை நிற்காத மாட்டுக்கு அதற்குள் 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் பலமுறை வீணாகிவிடும். தீவனச் செலவு மட்டும் நிற்காது. ஆசனவாய் வழியே ஸ்கேன் செய்தால் 30ஆம் நாளிலேயே தெரியும்: கருப்பை நீர் கறுப்பாக, அதற்குள் கருவின் இதயம் படபடவென்று துடிக்கும்.

கருவி மட்டும் போதாது. 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் நீள்வடிவ ப்ரோப் (ஒலியலையை அனுப்பி வாங்கும் முனை) வேண்டும். சாணியை முழுதாக எடுத்துவிட வேண்டும். ப்ரோப்புக்கும் குடல் சுவருக்கும் நடுவே காற்று நின்றால் ஒலியலை உள்ளே போகாது, படம் விழாது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பது பெரும்பாலும் இதனால்தான். ஜெல்லைத் தாராளமாகப் பூசுங்கள். மாடு முக்கும்போது கையைத் தள்ளவே கூடாது, குடல் கிழியும். மூத்திரப் பையும் கறுப்பாகத்தான் தெரியும்; துடிப்பைப் பார்க்காமல் சினை என்று சொல்லக் கூடாது. வெயிலில் திரை தெரியாது, மாட்டைக் கட்டுத்தறி நிழலிலேயே நிறுத்துங்கள். மாட்டுக்கு மாடு கையுறை மாற்றுங்கள்.

தொடக்கத்தில் கரு கலைவது உண்டு. 60ஆம் நாள் மறுபடி பாருங்கள். சினை இல்லை என்று தோன்றினாலும், சினை ஊசி போட்ட தேதியைச் சரிபார்க்காமல், பருவத்துக்கு வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைப் போட்டால், இருக்கிற கருவும் கலைந்துவிடும்.

கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் வாரம் ஒரு நாளாவது ஸ்கேன் வசதி கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள்,
தாராபுரம்.