பிஸ்கட் டின்னோடு வாருங்கள்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அத்தானின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசாயிற்று. கொஞ்ச நாளைக்கு அவரைப் படி ஏற விடாதீர்கள். இங்கே இரண்டு வாரமாகச் சாயங்கால மழை. மூன்று மணிக்கு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், ஐந்து மணிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. போன மாதம் மருமகன் காரில் நம் பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். நாம் இருந்த லயத்தில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. எல்லாம் செம்பனை. குழாயடியில் நின்ற மாமரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதை வைத்துத்தான் உங்கள் வீடு எது, எங்கள் வீடு எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். சபைப் பத்திரிகையில் ஓர் இளம்பெண்ணின் கதையைப் படத்தோடு போட்டு, "நம் சபையின் எழுத்தாளர்" என்று பாராட்டியிருந்ததைப் பார்த்ததும் நெஞ்சு எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த ஞாயிறே பெருமையைப் பற்றிப் பிரசங்கம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதை நோட்டுகள் பதினொன்றையும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டீர்கள். இப்படி எரிகிற நெஞ்சு கர்த்தருக்காக எழுதத் தகுதியற்றது என்று முடித்திருந்தீர்கள்.

அக்கா, உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1988-இல் போட்டிக்கு அனுப்பிய உங்கள் சிறுகதை பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வந்ததே, நினைவிருக்கிறதா? பள்ளி ஆசிரியர்கள் அறையில் அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினேன். "எங்கள் அக்கா" என்று சொல்லிக்கொண்டேன். அதை வெட்டி வேதாகமத்துக்குள் வைத்தேன். ஆனால் உங்களுக்கு வாழ்த்து எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பள்ளியில் பரீட்சை வேலை என்று காரணம் சொன்னேன். பரீட்சை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. நானும் அதே போட்டிக்கு ஒரு கதை அனுப்பியிருந்தேன், உங்களிடம் சொல்லாமல். உங்கள் கதையில் வந்த கிழவி என் கதையில் வந்த கிழவியைவிட உயிரோடு இருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் மூன்று வாரம். இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே அந்த எரிச்சல் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அது பாவம் இல்லை என்று உங்களைத் தடவிக்கொடுக்க நான் வரவில்லை. ஆனால் அதற்கு மருந்து எழுதுவதை நிறுத்துவது என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்களே, அதுதான் எனக்கு மனது கேட்கவில்லை.

நம் சபையின் நூற்றாண்டு மலர் வந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். தோட்டத்து ஜெபக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு வருடம் வீடு வீடாகப் போனேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த நாட்களில் எப்படி ஆராதனைக்குப் போனார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மலர் வெளியான அன்று நான் சபை மண்டபத்துச் சமையலறையில் கறிபாப் அடுக்கிக்கொண்டிருந்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுத்தேன். புது மையின் வாசனை. என் கட்டுரை பதினாறு பக்கம், ஒரு சொல் மாறாமல் இருந்தது. கீழே "மலர்க் குழு" என்று போட்டிருந்தார்கள். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், நன்றியுரையைப் பார்த்தேன். என் பெயர் எங்குமே இல்லை. கேட்டதற்கு, "கர்த்தருடைய வேலைக்குப் பெயர் எதற்கு சிஸ்டர்?" என்று பதில் வந்தது. நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் தொகையோடு நான்கு பக்கம் அச்சாகியிருந்தன. அன்றிரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை.

அந்தப் பதில் வேதவசனம்போல இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்குத்தான் பெருமை என்று பல மாதம் என்னையே குற்றப்படுத்திக்கொண்டேன். பிறகு ஒருநாள் அம்மாவின் நினைவு வந்தது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அம்மா ரப்பர் பால் வாளியோடு ஸ்டோருக்குப் போய் வரிசையில் நிற்பார். கணக்கெழுதும் கிராணி எடை பார்த்துப் பேனாவை எடுக்கும்போது அம்மா எட்டிப் பார்ப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் தன் பெயருக்கு நேரே மை விழுகிறதா என்று பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். ஒருமுறை இரண்டு ராத்தல் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று வெயிலில் நின்று வாதாடினார். அம்மாவைப் பெருமைக்காரி என்று லயத்தில் யாராவது சொன்னார்களா? வெட்டியது அவர், சுமந்தது அவர். பெயருக்கு நேரே அது ஏற வேண்டும். அது கூலி சம்பந்தப்பட்டது, நியாயம் சம்பந்தப்பட்டது.

வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் தெர்தியு என்று ஒருவர் வருகிறாரே, கவனித்திருக்கிறீர்களா? பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர். பெபேயாளில் தொடங்கி வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஒரே ஒரு வசனம்: இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான் உங்களை வாழ்த்துகிறேன் என்று. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மறுபடி பவுலின் குரல். பதினாறு அதிகாரமும் இன்னொருவருடைய சொற்களை எழுதிக்கொண்டு வந்த கை, ஓர் இடத்தில் "நான்" என்றது. பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை. பரிசுத்த ஆவியானவரும் அதை விட்டுவைத்தார். அந்த வசனத்தைப் படித்த இரவில் நான் அழுதுவிட்டேன், அக்கா. மலர்க் குழுவிடம் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. என் பெயரைத் தேடியது அசிங்கம் என்ற எண்ணம் முழுவதும் போய்விட்டது.

ஆனால் 1988-இல் எனக்கு வந்தது வேறு சரக்கு. அதில் என் கூலியை யாரும் குறைக்கவில்லை. உங்களுக்கு ஏறியது எனக்கு ஏறவில்லையே என்பதுதான் அது. இந்த இரண்டையும் நாம் ஒரே வாளியில் ஊற்றிக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. பெயர் போடுங்கள் என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்தவர் பெயரைப் பார்த்து எரிவதை மட்டும் கர்த்தரிடம் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை கொண்டுபோனால் தீர்ந்துவிடுவதும் இல்லை. பழங்காலச் சபைப் பிதா அகஸ்டின் இளைஞராகக் கார்த்தேஜில் சொற்கலை கற்பித்தபோது, அழகைப் பற்றி ஒரு நூல் எழுதி, தாம் கண்ணால் கண்டிராத ஒரு ரோமாபுரிப் பேச்சாளருக்குக் காணிக்கை ஆக்கினார். அந்த மனிதருக்கு இருந்த புகழ்தான் காரணம். அதைத் தம் ஒப்புதல் நூலில் அவரே சொல்கிறார். அந்த முதல் நூல் அதற்குள் அவர் கையிலேயே இல்லாமல் தொலைந்தும் போயிருந்தது. பத்தாம் புத்தகத்துக்கு வரும்போது அவர் பேராயர். அப்போதும் பாராட்டு தமக்கு இனிக்கத்தான் செய்கிறது என்று தேவனிடம் முறையிடுகிறார். "வெள்ளிக்குக் குகையும், பொன்னுக்குப் புடமும் சோதனை; மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சியே சோதனை" என்று நீதிமொழிகளில் இருக்கிறதே, அந்தப் புடத்துக்குள் அவர் நாள்தோறும் இருந்திருக்கிறார். புடத்தை விட்டு ஓடிப்போக எழுதுவதை நிறுத்தவில்லை.

நிறுத்திப் பார்த்தவர் ஒருவர் உண்டு. என் மகள் கல்லூரியில் படித்த ஆங்கிலக் கவிஞர், ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ். 1868-இல் இயேசு சபைத் துறவியாகப் போவதற்கு முன் தம் கவிதைகளை நெருப்பில் போட்டுவிட்டார். எழுதுவது தம் அழைப்புக்குப் பொருந்தாது என்று நினைத்தார், உங்களைப் போலவே. ஏழு வருடம் அநேகமாக மௌனம். 1875 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து வந்த கப்பல் ஒன்று தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அருகே தட்டி நின்று, ஐந்து கன்னியாஸ்திரிகள் கடலில் இறந்தார்கள். இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நல்லது என்று அவருடைய துறவுசபை மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தையில் அடைப்பு உடைந்தது. எழுதி அனுப்பிய நீண்ட கவிதையை அவருடைய சபையின் பத்திரிகையே போடவில்லை. 1889-இல் டப்ளினில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். கவிதைகள் புத்தகமாக வந்தது 1918-இல்.

பாதிரியாரின் தாழ்மைக்குக் கர்த்தர் பிறகு புகழ் தந்தார் என்று இந்தக் கதையைச் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அந்த முடிவில் மனம் ஒட்டவில்லை. அவருக்கு அந்தப் புகழில் ஒரு துளியும் கிடைக்கவில்லை. நான் அடிக்கடி நினைப்பது வேறொன்றை. அந்தக் கவிதைகள் பிழைத்தது எப்படி? அவர் தம் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்குக் கடிதங்களோடு அனுப்பிவந்தார். பிரிட்ஜஸ் சேர்த்து வைத்தார். இன்னொரு நண்பர் டிக்சன் என்பவர், அவரும் போதகர், அவரும் கவிஞர், அவரையும் உலகம் கவனிக்கவில்லை. 1878-இல் ஹாப்கின்ஸ் அவருக்கு எழுதினார்: நியாயமான ஒரே விமர்சகர் கிறிஸ்துதான், தாம் கொடுத்த வரத்தை வாங்கியவனைவிட அதிகமாக மதித்து மகிழ்கிறவர் அவரே என்று. அச்சில் ஏறாத ஒருவர், கவனிக்கப்படாத இன்னொருவருக்கு எழுதிய ஆறுதல். மேடையில் யாரோ சொல்லியிருந்தால் எனக்கு அது இவ்வளவு உறைத்திருக்காது.

எரேமியா தீர்க்கதரிசியின் எழுத்தர் பாருக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று கர்த்தர் சொன்னது அவனிடத்தில். அந்தப் பிரசங்கத்திலும் இந்த வசனம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வருஷத்தைப் பாருங்கள், அக்கா. அந்த வார்த்தை வந்தது யோயாக்கீம் ராஜாவின் நான்காம் வருஷத்தில். ஐந்தாம் வருஷத்தில் பாருக், எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய சுருளை ஆலயத்தில் வாசிக்கிறான். ராஜா அதைக் கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போடுகிறான். பிறகு பாருக் வேறொரு சுருளை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறான், முன்பைவிட அதிகமாகவே. பெரிய காரியங்களைத் தேடாதே என்று கேட்டவன் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை.

நம் தமிழில் அவையடக்கம் என்று வைத்திருக்கிறார்களே, அதுவும் அப்படித்தானே? பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் போன பூனையைப் போல இந்தக் கதையைச் சொல்ல வந்தேன் என்றார் கம்பர். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாரா? பத்தாயிரம் பாட்டுக்கு மேல் பாடினார்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. தன் நிரையில் இருக்கிற மரங்களைத் தடவிப் பார்ப்பார். கத்தி ஆழமாக இறங்கி உள்ளே பட்டுவிட்டால் பிறகு வளர்கிற பட்டை முடிச்சு முடிச்சாக இருக்கும். அம்மா வெட்டிய மரங்களில் புதுப் பட்டை வழுவழுவென்று இருக்கும். என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்துக் காட்டியிருக்கிறார். அதற்குச் செக்ரோல் என்ற கூலிக் கணக்கில் இடம் கிடையாது, கூலியும் கிடையாது. எந்தத் துரையும் அதைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒருவருக்காவது காட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு இருந்தது. காட்டுவதற்கு நான் இருந்தேன்.

மலரின் கதையையும் முடித்துவிடுகிறேன். போன வருடம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய தண்டலின் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். கண் மங்கிவிட்டது. மலரைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, தம் தகப்பனார் முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஞானப்பாட்டுப் பாடிய பத்தியை விரலை வைத்து வைத்து எனக்கே படித்துக் காட்டினார். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த நேரத்தில் அவர் குரலை வெட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் போதகர் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், மறுபதிப்பு வந்தால் கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும் என்று. இன்னும் பதில் இல்லை.

அத்தானுக்கு நடக்க வந்ததும் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். ஈப்போ வரை ரயிலில் வந்துவிட்டால் மருமகன் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பிஸ்கட் டின்னையும் கொண்டுவாருங்கள். பதினொரு நோட்டையும் நான் படிக்க வேண்டும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வேன். என் கதைகளையும் எடுத்து வைக்கிறேன், அந்த 1988-ஆம் வருடத்துக் கிழவியையும் சேர்த்து. அந்த இளம்பெண்ணின் கதை இருக்கிற பத்திரிகையையும் எடுத்துவாருங்கள், அதையும் சேர்ந்தே படிப்போம்.

நோட்டுகளில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ரயிலில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். மழை பட்டாலும் கலையாத மையில்.

அன்புடன்,
அடுத்த வீட்டுத் தங்கை