கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலோத்சவம் என்னும் பள்ளிக் கலைவிழாவிலும் விளையாட்டிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். பரிசு பெற்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. விடைத்தாள்களை வகுப்பு பிடிஏ கூட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம். மதிய உணவுக்குத் தேங்காயும் காய்கறியும் கொடுத்து உதவிய குடும்பங்களுக்கு நன்றி.

இனி ஆண்டு விழா. நடனங்களுக்கும் குழுப்பாட்டுக்கும் பின்னணி இசையை நம் பிள்ளைகளே கீபோர்டில் வாசித்துத் தருவது மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அது வந்துசேரும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓணம் விழாவில் பல பாடல்கள் மிடி ஃபைலாகவே வந்தன. சில ஸ்பீக்கரில் ஓடவே இல்லை. ஓடியவற்றில் புல்லாங்குழல் பியானோவாகவும் தபேலா மாட்டு மணியாகவும் கேட்டது. பிள்ளைகளின் வாசிப்பில் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மிடி ஃபைலுக்குள் ஒலியே கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எந்த வாத்தியத்தில் என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். ஸ்வரம் எழுதிய நோட்டைப் போல, வாசிக்கும் கருவி மாறினால் நாதமும் மாறும். 1991இல் வந்த ஜெனரல் மிடி முறையில் 128 வாத்தியங்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. 105ஆவது சிதார், 112ஆவது ஷெனாய். வீணை, நாதஸ்வரம், மிருதங்கம், தபேலா எதுவும் அதில் இல்லை. உங்கள் கீபோர்டில் தனியாக உள்ள தபேலா தாளத்தை வைத்துப் பதிவு செய்தால், கம்ப்யூட்டர் அதைத் தாளக் கருவிகளுக்கென்றே உள்ள 10ஆவது சேனலின் மேற்கத்திய டிரம் வரிசையில் தேடுகிறது. 56ஆம் எண் சுரம் வந்தால் மணியைத்தான் அடிக்கும். வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையே ஃபைலில் இல்லாவிட்டால் எல்லாம் முதலாவதான பியானோவில் ஒலிக்கும்.

சுரத்தை வளைத்து அசைத்து வாசிக்கும் கமகம் இன்னும் நுட்பமான விஷயம். சுரத்தை வளைக்கும் சக்கரம் எவ்வளவு தூரம் வளைக்கும் என்பது தனி அமைப்பு. பொதுவாக மேலும் கீழும் 2 அரைச்சுரம். உங்கள் கீபோர்டில் அதை 12 என்று வைத்து வாசித்து, அந்த அமைப்பு ஃபைலில் பதியாமல் போனால், கம்ப்யூட்டர் 2 என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது கமகம் முழுவதும் சுருங்கி அபஸ்வரமாகிவிடும்.

ஆகவே தபேலாவும் கமகமும் உள்ள பாடல்களைக் கீபோர்டிலிருந்து நேரடியாக ஆடியோவாக எடுப்பதே நல்லது. சில மாடல்களில் பென் டிரைவிலேயே, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் ஃபைலாகப் பதியும் வசதி உண்டு. அதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிள் போட்டு, கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதியலாம். ஒரே துளை உள்ள லேப்டாப்பில் இது சரிவராது. அது ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் சேர்ந்த துளை; உள்ளே வாங்குவது மைக் ஒலியை மட்டும்தான். ஒலி மோனோவாகவும் கரகரப்பாகவும் வரும். கீபோர்டின் ஒலியை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இரவல் கிடைத்தாலும் போதும். கீபோர்டின் வால்யூமைப் பாதியில் வையுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். போனை ஸ்பீக்கர் முன்னால் பிடித்துப் பதிவது மட்டும் வேண்டவே வேண்டாம். மின்விசிறியும் தெரு லாரியும் சேர்ந்து பதியும்.

வயலின், புல்லாங்குழல், பியானோ போன்ற ஜெனரல் மிடி வாத்தியங்கள் மட்டும் உள்ள பாடல் என்றால் மாற்றுவது எளிது. நம் லேப் கம்ப்யூட்டர்களில் இருப்பது கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தந்த, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். அதில் மிடியை ஒலியாக மாற்றும் ஃப்ளூயிட்சிந்த் என்ற இலவச மென்பொருளையும், சுமார் 140 எம்பி அளவுள்ள ஃப்ளூயிட் ஆர்3 சவுண்ட்ஃபான்டையும் போட்டிருக்கிறோம். சவுண்ட்ஃபான்ட் என்பது வாத்தியங்களின் நிஜ ஒலிகளைச் சேர்த்து வைத்த தொகுப்பு. வீட்டில் செய்பவர்கள் கட்டளையில் முதலில் ஆப்ஷன்களையும், அடுத்து சவுண்ட்ஃபான்டையும், கடைசியில் மிடி ஃபைலையும் கொடுங்கள். வெளியீட்டு ஃபைலைக் குறிக்கும் ஆப்ஷனான எஃப் பெரிய எழுத்தாக (-F) இருக்க வேண்டும். சின்ன எஃப்புக்கு வேறு வேலை. சாம்பிள் ரேட் 44100. ஒலி குறைவாகத் தோன்றினால், 0.2 என்றிருக்கும் கெயினை (ஒலியளவை) 0.5 வரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் உச்சத்தில் ஒலி உடையும். கடைசி ஸ்வரத்தின் கார்வை வெட்டுப்படாமலிருக்க, கீபோர்டில் வாசித்து முடித்தபின் 3 விநாடி விட்டு ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள்.

மியூஸ்ஸ்கோரில் திறந்து வேவாக எக்ஸ்போர்ட் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் அது நொட்டேஷனுக்கான மென்பொருள் என்பதால், கையால் வாசித்த காலப்பிரமாணத்தைக் கட்டங்களுக்குள் அடக்கிவிடும். ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள மிட் என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் அது பாட்டாகிவிடாது. அப்படி வந்தவையும் உண்டு.

தருவது 44100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவாக இருக்கட்டும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி வரும். வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையலாம்; டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூடவே மிடி ஃபைலையும் கட்டாயம் கொடுங்கள். ஒத்திகையில் வேகத்தையோ சுருதியையோ மாற்ற வேண்டிவந்தால், அதில்தான் ஒலி கெடாமல் மாற்ற முடியும். சுருதியை ஏற்றும்போது 10ஆவது சேனலைத் தொடக் கூடாது. தொட்டால் டிரம் வேறு வாத்தியமாகிவிடும்.

கடைசி நாள் ஜனவரி 12, மாலை 4 மணி. இதில் கண்டிப்பாக இருக்கப்போகிறோம். விழா அன்று மேடைப் பக்கம் பென் டிரைவோடு வருபவர்களுக்காக எந்த நிகழ்ச்சியும் நிறுத்தப்படாது. வேஷம் கட்டிய பிள்ளைகள் மேடையில் காத்து நிற்க, சவுண்டுக்காரரிடமும் ஆசிரியைகளிடமும் குரலுயர்த்துவதை இனி ஒருபோதும் ஏற்க முடியாது. நேரத்துக்கு வராத பாடலுக்குப் பதிலாக எந்தப் பாட்டைப் போடுவது என்பதைப் பள்ளியே முடிவு செய்யும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பொள்ளாச்சி ஸ்டூடியோவுக்குப் போய்ச் செலவு செய்யவும் தேவையில்லை. பள்ளி திறந்ததும் தினமும் மாலை 3:45 முதல் 5 மணி வரை லேப் திறந்திருக்கும். கீபோர்டைப் பிள்ளையோடு கொண்டுவாருங்கள், அடாப்டரை மறக்காமல். கேபிள் எங்களிடம் இருக்கிறது. ஆசிரியர் உடனிருந்து பதிந்து, பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவார். கேட்டுத் திருப்தியான பிறகே வாங்கிக்கொள்வோம்.

தோட்ட வேலைக்கும் கடைக்கும் நடுவே பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்குக் கூட்டிப்போய்க் காத்திருந்து அழைத்து வருகிறீர்கள். அந்த உழைப்பு மேடையில் முழுதாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன். உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்